கைமுதல் போனால் கடன் கொடுக்கலாம், வருமானம் நின்றால்?

புயலோ வெள்ளமோ தொற்றுநோயோ வந்து போனதும், சுயதொழில் செய்கிறவர்களுக்கு என்று அரசு ஒரு சிறப்புக் கடனை அறிவிப்பது வழக்கமாகிவிட்டது. ஜாமீன் வேண்டாம், வட்டி குறைவு, விண்ணப்பித்தால் போதும் என்று செய்தி வரும். எத்தனை கோடி என்பது பெரிய எழுத்தில் இருக்கும், யாருக்குக் கிடைக்கும் என்பது சின்ன எழுத்தில் இருக்கும். இப்படிப்பட்ட கடனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் திட்டம் தீட்டுகிறவர்கள் இரண்டு வேறு வேறு நஷ்டங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது என் கட்சி. வெள்ளத்தில் சரக்கு நனைந்து வீணாகிறது, தள்ளுவண்டி அடித்துக்கொண்டு போகிறது என்றால் அது கைமுதல் நஷ்டம். கடையைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு வந்து இரண்டு மாதம் வீட்டில் உட்கார நேர்ந்தால் அது வருமான நஷ்டம். முன்னதுக்குக் கடன் பொருந்தும். புதுச் சரக்கை எடுத்து விற்றால், அடைக்க வேண்டிய பணம் அந்த விற்பனையிலிருந்தே வரும். பின்னதுக்குக் கடன் கொடுத்தால் அது வாடகைக்கும் அரிசிக்கும் போய்விடும். மறுபடி கடை திறக்கும் நாளில் வியாபாரம் பழைய அளவுக்குக்கூட இருக்காது. தவணை மட்டும் புதிதாகத் தலையில் ஏறியிருக்கும். விற்காமல் போன இரண்டு மாத இட்லியை மூன்றாம் மாதம் யாரும் சேர்த்து வாங்கிச் சாப்பிடப் போவதில்லை.

இந்தக் குழப்பம் என்ன செய்யும் என்று பார்க்க 2020-ஐ விட நல்ல சாட்சி கிடையாது. மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுக்க கொரோனா ஊரடங்கு தொடங்கியது. 27-ஆம் தேதி ரிசர்வ் வங்கி தவணைகளை மூன்று மாதம் ஒத்திவைக்க வங்கிகளை அனுமதித்தது. பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. ஒத்திப்போனது தவணைதான், வட்டி நிற்கவில்லை. வட்டிக்கு வட்டி போடலாமா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான், 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு அந்த வட்டிமேல் வட்டியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. மே 13-இல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 3 லட்சம் கோடி ரூபாய்க்கான அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தார். கடன் திரும்பாவிட்டால் முழுத் தொகைக்கும் அரசு பொறுப்பு. வங்கி வாங்கும் வட்டிக்கு 9.25 சதவீத உச்சவரம்பு, நான்கு வருடக் காலம், முதல் வருடம் அசல் கட்ட வேண்டாம். காகிதத்தில் இதைவிடத் தாராளமாக எழுத முடியாது. திட்டத்தின் அளவு பின்னால் 5 லட்சம் கோடி வரைக்கும் போனது.

ஆனால் யாருக்கு எவ்வளவு? 2020 பிப்ரவரி 29 அன்று உங்கள் பெயரில் வங்கியில் எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ, அதில் 20 சதவீதம். 25 கோடி பாக்கி வைத்திருந்த நிறுவனத்துக்கு 5 கோடி வரை கிடைக்கும். 50,000 ரூபாய் முத்ரா கடன் வைத்திருந்த தையல்காரருக்கு 10,000. வங்கிப் பக்கமே போகாமல் சொந்தக் கைக்காசிலும் தண்டலிலும் கடை ஓட்டியவருக்குப் பூஜ்யம். அதாவது, நஷ்டத்தை யாரும் அளக்கவே இல்லை. அளந்தது பழைய கடனை. இரண்டு மாத வியாபாரத்தை இழந்த இரண்டு பேரில், ஏற்கெனவே கடன்பட்டிருந்தவருக்கு உதவி. கடன்படாமல் பிழைத்தவருக்கு ஒன்றுமில்லை. அதே வாரம் முத்ராவின் மிகச் சிறிய கடன்களான சிசு பிரிவுக்கு ஒரு வருடத்துக்கு 2 சதவீத வட்டிச் சலுகை அறிவித்தார்கள். யாருக்குத் தெரியுமா? தவணையை ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு. வருமானம் நின்றுபோன காலத்தில், வருமானம் நிற்காதவருக்குத் தரும் சலுகைக்கு நிவாரணம் என்று பேர்!

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும், அது நியாயமான மறுப்பும்கூட. அந்த உத்தரவாதத் திட்டம் சுமார் 13.5 லட்சம் கணக்குகளைக் காப்பாற்றியது, 1.5 கோடி வேலைகளைக் காத்தது என்று ஸ்டேட் வங்கியின் ஆய்வுப் பிரிவு 2022 ஜனவரியில் மதிப்பிட்டது. கடன் கொடுத்த வங்கியே போடும் கணக்கு என்று இதைத் தள்ளிவிட நான் தயாரில்லை. திருப்பூரிலும் கோவையிலும் சம்பளம் கொடுக்க வேண்டிய பட்டறைகளுக்கும் பின்னலாடை யூனிட்டுகளுக்கும் அந்தப் பணம் மூச்சுவிட இடம் கொடுத்திருக்கும். ஆனால் அந்த ஆய்வு பேசுவது வங்கி ஏட்டில் இருந்தவர்களைப் பற்றி. ஏட்டுக்கு வெளியே நின்றவர்கள் பிழைத்தார்களா, போனார்களா என்பதற்கு அதில் பதில் இருக்க வழியில்லை.

ஏட்டுக்கு வெளியே நின்றவர்களில் ஒரு பகுதிக்காக வந்ததுதான் பிரதமர் ஸ்வநிதி. 2020 ஜூன் 1-இல் தொடங்கியது. சாலையோர வியாபாரிக்கு ஜாமீன் இல்லாமல் 10,000 ரூபாய், ஒரு வருடத்தில் மாதத் தவணையாக அடைக்க வேண்டும், ஒழுங்காக அடைத்தால் அடுத்து 20,000, அதன் பிறகு 50,000 என்று 2025 வரை விதி இருந்தது. இந்தத் திட்டத்தை அடிப்படையில் நல்ல திட்டம் என்றே சொல்வேன். காரணம், அது ஊரடங்கு தளரத் தொடங்கிய நேரத்தில், மறுபடி சரக்கு எடுப்பதற்கான நடப்பு மூலதனம் என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டு வந்தது. கைமுதலுக்கான கடன் என்று தன்னைத் தானே சரியாக அடையாளம் கண்டுகொண்ட திட்டம் அது. வாங்குகிறவர் முன்பு கடன் வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. உள்ளாட்சியின் விற்பனைச் சான்றிதழோ, அது இல்லாதவருக்குப் பரிந்துரைக் கடிதமோ போதும்.

இதன் உண்மையான பலன் எங்கே இருக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அரசு விளம்பரங்களில் 7 சதவீத வட்டி மானியம்தான் முன்னால் நிற்கும். 10,000 ரூபாயை மாதாமாதம் குறைத்துக்கொண்டே வந்தால், அந்த மானியம் வருடத்துக்கு 400 ரூபாயைக்கூடத் தொடாது. பெரிய மிச்சம் தண்டல்காரரிடம் போகாமல் இருப்பதில் இருக்கிறது. சந்தையில் சாதாரணமாக ஓடும் கணக்கு இது: 10,000 என்று எழுதிக்கொண்டு 1,000-ஐப் பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார்கள், தினம் 100 ரூபாயாக நூறு நாளில் அடைக்க வேண்டும். 9,000-க்கு 1,000 தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைவதால், உண்மையில் வருடத்துக்கு ஏறக்குறைய 80 சதவீத வட்டி. சில இடங்களில் 1,500-ஐயும் பிடிப்பார்கள். அப்போது வட்டி மூன்று இலக்கத்துக்குப் போய்விடும். 1,000 பிடிக்கும் கணக்கையே வருடம் முழுக்கச் சுழற்றினால் வட்டி மட்டும் 3,600 ரூபாயைத் தாண்டும். அதே 10,000 ரூபாயை வங்கியில் 12 சதவீதத்துக்கு வாங்கினால், மானியம் போக வட்டி 300 ரூபாய் அளவில் நின்றுவிடும். ஒரு தள்ளுவண்டிக்காரருக்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை.

அப்படியானால் தண்டல் ஏன் இன்னும் சாகவில்லை? பேராசை, அறியாமை என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. தண்டல் நோட்டு இன்னும் சந்தையில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. தண்டல்காரர் சாயங்காலம் கடைக்கே வருகிறார். அன்றைக்கு வந்த காசில் 100-ஐ வாங்கிக்கொண்டு நோட்டில் குறித்துவிட்டுப் போகிறார். அன்றன்று வரும் காசு, அன்றன்று போகும் தவணை. வங்கித் தவணையோ மாதத்தில் ஒரு குறிப்பிட்ட தேதியில் கணக்கிலிருந்து 900 ரூபாயை ஒரே மூச்சில் எடுக்கும். அன்றைக்குப் பள்ளிக் கட்டணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்திருந்தால் தவணை தவறும், அதற்கு அபராதமும் விழும். வட்டியில் வங்கி ஆயிரம் மடங்கு நியாயம். காசு வரும் தாளத்தைப் புரிந்துகொண்டதில் தண்டல்காரர்தான் கெட்டிக்காரர். அவருடைய வட்டியை ஒழித்துவிட்டு அவருடைய வசூல் முறையை மட்டும் அரசுக் கடன் எடுத்துக்கொண்டால் என்ன குடி முழுகிவிடும்? க்யூஆர் அட்டை ஒட்டாத இளநீர் வண்டி இன்று அபூர்வம். தினம் வரும் யுபிஐ வரவில் ஒரு சிறு பங்கை வியாபாரியின் சம்மதத்தோடு கடனுக்குத் திருப்பிவிடுவதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை.

ஸ்வநிதி நல்ல திட்டம் என்றேன். பிறகு எங்கே இடித்தது? மார்ச் 25-க்கும் ஜூன் மாதத்துக்கும் நடுவில். அந்த நாட்களில் வருமான நஷ்டத்துக்கு என்று கையில் கிடைத்தது சொற்பம். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். நகரத்தில் கடை வாடகை, வீட்டு வாடகை என்று இரண்டும் கட்டும் குடும்பத்துக்கு அது எத்தனை நாள் வரும்? கோயம்பேடு சந்தையையே மே மாதத் தொடக்கத்தில் மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள். செப்டம்பரில்தான் திரும்பத் திறந்தது. அங்கே சரக்கு எடுத்து ஊருக்குள் கூவி விற்றவர்கள் சாப்பிட்டது தங்கள் கைமுதலைத்தான். ஆக, வருமான நஷ்டத்தை ஈடு செய்யாமல் விட்டதால் அது கைமுதல் நஷ்டமாக மாறியது; மாறிய பிறகு அதற்குக் கடன் கொடுத்தோம். கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்காமல், அதே பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்டது போலத்தான் இது முடிந்தது. அடுத்த வருடம் அந்தக் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் அலை வந்தது. 2021 மே 10 முதல் தமிழ்நாட்டில் மறுபடி முழு ஊரடங்கு. முந்தைய வருடத்தைப் போல எல்லோருக்குமான தவணை ஒத்திவைப்பு இந்த முறை வரவில்லை. கடனை மறுசீரமைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி வழி விட்டது உண்மை. ஆனால் அதை வங்கிக்குப் போய்க் கேட்டு வாங்க வேண்டும். 10,000 ரூபாய்க் கடனுக்கு மறுசீரமைப்பு மனு எழுதித் தரும் ஆடிட்டர் எந்தத் தள்ளுவண்டிக்காரருக்கு இருக்கிறார்?

ஸ்வநிதியின் எண்கள் இதைப் பற்றி ஏதோ சொல்லத்தான் செய்கின்றன. 2025 ஜூலை 30 வரை 68 லட்சத்துக்கும் மேற்பட்ட வியாபாரிகளுக்கு 96 லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்கள், மொத்தம் 13,797 கோடி ரூபாய் கொடுத்திருப்பதாக மத்திய அரசு சொல்கிறது. சாதாரணமான சாதனை இல்லை. ஆனால் கழித்துப் பாருங்கள். 68 லட்சம் பேர் முதல் கடன் வாங்கினார்கள்; இரண்டாவதும் மூன்றாவதும் சேர்த்தே சுமார் 28 லட்சம் கடன்கள்தான். அதாவது 40 லட்சம் பேருக்குக் குறையாமல் முதல் படியிலேயே நிற்கிறார்கள். எல்லோரும் கட்டாமல் விட்டவர்கள் என்று இதற்கு அர்த்தம் செய்யக் கூடாது. சமீபத்தில் வாங்கியவர் இருப்பார், போதும் என்று ஒதுங்கியவர் இருப்பார், ஊருக்குத் திரும்பிப் போனவர் இருப்பார். ஆனாலும் படிப்படியாக ஏற வேண்டும் என்று கட்டிய ஏணியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முதல் படியைத் தாண்டவில்லை என்றால், ஏறுகிறவரின் காலை மட்டும் குறை சொல்ல முடியாது.

இரண்டு நஷ்டங்களையும் பிரித்துப் பார்க்க முடியுமா, அது ஏட்டுச் சுரைக்காய்தானே என்று கேட்கலாம். பிரிட்டன் பிரித்துப் பார்த்தது. சுயதொழில் செய்தவர்களின் வருமான நஷ்டத்துக்கு, சராசரி மாத லாபத்தில் 80 சதவீதத்தை மூன்று மாதத்துக்கு மானியமாகக் கொடுத்தார்கள்; முதல் தவணையில் உச்சவரம்பு 7,500 பவுண்ட். திருப்பித் தர வேண்டியதில்லை. விண்ணப்பம் 2020 மே 13-இல் திறந்தது. தொழிலைத் தூக்கி நிறுத்துவதற்கு என்று தனியாக ஒரு கடன், மே 4 முதல்: 50,000 பவுண்ட் வரை, வட்டி 2.5 சதவீதம், முதல் வருட வட்டியை அரசு கட்டும், முழு உத்தரவாதமும் அரசுடையது. இதில் வேடிக்கை என்னவென்றால், மோசடிக்குப் பேர்போனது இலவசமாகக் கொடுத்த மானியம் இல்லை, கடன்தான். சுமார் 4,700 கோடி பவுண்ட் கடனில் 11 சதவீதம் மோசடியாகப் போயிருக்கலாம் என்று அவர்களுடைய அரசுத் துறையே ஒரு கட்டத்தில் மதிப்பிட்டது. அதைத் தடுக்கத் தவறினார்கள் என்று குற்றம் சாட்டி, அக்னியூ பிரபு 2022 ஜனவரியில் அமைச்சர் பதவியையே விட்டார். மானியத் திட்டத்தில் தவறாகப் போன பங்கு அதைவிடக் குறைவு. காரணம் எளிது. கடனுக்கு விற்பனை எவ்வளவு என்று விண்ணப்பதாரரே எழுதிக் கொடுத்தால் போதும். மானியத்துக்கோ வரித்துறையிடம் ஏற்கெனவே இருந்த கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். இலவசமாகக் கொடுத்தால் ஏமாற்றுவார்கள், கடன் என்றால் பயப்படுவார்கள் என்று நம் ஊரில் சொல்லப்படும் வாதத்துக்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது. ஏமாற்றைத் தடுப்பது பதிவேடு. பணத்துக்கு மானியம் என்று பேர் வைத்தாலும் கடன் என்று பேர் வைத்தாலும் அதில் வித்தியாசம் இல்லை.

பதிவேடு இருந்தும் கணக்குத் தப்பாகப் போடலாம் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே சம்பளத்தைக் காக்கக் கொடுத்த கடனை விதிப்படி செலவு செய்தால் தள்ளுபடி ஆகிவிடும். தனியாளாகத் தொழில் செய்பவர்களுக்கு அதை நிகர லாபத்தை வைத்து அளந்தார்கள். செலவெல்லாம் போகக் கணக்கில் லாபம் காட்டாத முடிதிருத்துநருக்கும் டாக்சி ஓட்டுநருக்கும் சில்லறைதான் மிஞ்சியது. மொத்த வருவாயை வைத்து அளக்கலாம் என்று 2021 மார்ச்சில் விதியை மாற்றினார்கள். முன்பே குறைவாக வாங்கியவர்களுக்கு அது பொருந்தவில்லை. எதை அளக்கிறோம் என்பது எவ்வளவு ஒதுக்குகிறோம் என்பதற்குச் சற்றும் குறைந்த கேள்வி இல்லை.

அடுத்த மறுப்பு கஜானா. பிரிட்டனிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் எங்கே? இதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் 2021 மே மாதம் தொடங்கி தமிழ்நாடு அரசு சுமார் 2.07 கோடி அரிசி அட்டைகளுக்கு 4,000 ரூபாயை இரண்டு தவணையாக ரேஷன் கடை வழியே கொடுத்தது. ஒரு தவணைக்கு ஏறக்குறைய 4,150 கோடி ரூபாய் ஆனது. விண்ணப்பம் இல்லை, வங்கி மேலாளர் இல்லை. கொடுக்க முடியும், வேகமாகவும் கொடுக்க முடியும் என்று அது காட்டிவிட்டது. எல்லா அட்டைக்கும் ஒரே தொகை என்பதால் கடை வாடகை கட்டுகிறவருக்கு அது பற்றாது என்பது வேறு விஷயம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருப்பிக் கேட்க முடியாத இடத்தில் கடன் கொடுத்தால் கடைசியில் அது தள்ளுபடியில்தான் முடிகிறது. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சற்று முன்பு, கூட்டுறவு வங்கிகளின் பயிர்க்கடன் 12,110 கோடியைத் தமிழ்நாடு தள்ளுபடி செய்தது. செலவு எப்படியும் அரசுக்குத்தான். ஆனால் தள்ளுபடி, கடன் கிடைத்தவருக்கு மட்டும் போய்ச் சேர்கிறது. வயிற்றைக் கட்டி அடைத்தவரை ஏமாளி ஆக்குகிறது. முன்கூட்டியே மானியமாகக் கொடுத்திருந்தால் இந்த இரண்டு அநியாயமும் இல்லை. விவசாயிகளுக்காவது சங்கமும் ஓட்டு பலமும் இருக்கின்றன. பெட்டிக்கடைக்காரரின் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி எந்தக் கட்சி ரயிலை மறித்திருக்கிறது?

கடன் கொடுத்தால்தான் இவர்கள் வங்கி அமைப்புக்குள் வருவார்கள், நாளைக்குப் பெரிய கடன் வாங்கும் தகுதி கிடைக்கும் என்பது ஸ்வநிதியை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம். சாதாரண காலத்தில் இதை நானும் ஏற்பேன். பேரிடர் காலத்தில் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். தவறிய தவணையும் அதே சிபில் கடன் வரலாற்றுப் பதிவில்தான் ஏறும். முதல் முறை வங்கிக்குள் காலெடுத்து வைத்தவரின் பெயரில் முதல் பதிவே வாராக்கடன் என்று விழுந்தால், அவர் முன்பு இருந்ததைவிட ஒரு படி கீழே போகிறார். கடன் வாங்காதவருக்குப் பதிவு இல்லை; இவருக்குக் கெட்ட பதிவு. எனவே பேரிடர்க் கடனில் ஒரு விதி தானாக ஓட வேண்டும்: ஒரு மாவட்டத்தில் கடைகளை மூடச் சொல்லி அரசே உத்தரவு போட்டாலோ, பேரிடர் பாதித்த பகுதி என்று அறிவித்தாலோ, அன்றிலிருந்து அந்த மாவட்டத்தில் தவணையும் வட்டியும் நிற்க வேண்டும், அந்த நாட்களின் வட்டியை உத்தரவு போட்ட அரசு கட்ட வேண்டும். மனு கேட்கக் கூடாது. பிரிட்டனில் கடனைப் பத்து வருடம் வரை நீட்டிக்கவும், ஆறு மாதம் தவணையை நிறுத்திவைக்கவும் பின்னால் வசதி செய்து கொடுத்தார்கள். நம் வங்கிக் கணினிகளுக்கு இது எட்டாத வித்தையா என்ன?

வெள்ளத்தில் கதை வேறு, அங்கே கடனுக்கு இடம் இருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையில் தூத்துக்குடி, திருநெல்வேலிக் கடைகளில் சரக்கு மூழ்கியது. சரக்கு போனது, ஆனால் தண்ணீர் வடிந்ததும் வாங்குகிறவர் வருவார். சிறு வணிகர்களுக்கு மாநில அரசு அப்போது அறிவித்த சிறப்புக் கடன் வகையான உதவி அங்கே பொருந்தும், அதுவும் கடை திறந்து சில வாரம் கழித்து முதல் தவணை தொடங்குமானால். கடை மூடிக் கிடந்த நாட்களுக்குத் தனியாக ரொக்கம்; அதைக் கடனில் சேர்க்கக் கூடாது. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்கலாம், இரண்டு கணக்காகக் கொடுக்கலாம்.

எல்லாம் சரி, யார் உண்மையான வியாபாரி என்று எப்படித் தெரியும் என்ற கேள்வி கடைசியில் மிஞ்சுகிறது. இதற்கு விடை சட்டத்திலேயே இருக்கிறது. சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014-இல் வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது நகர விற்பனைக் குழு கணக்கெடுக்க வேண்டும், கணக்கில் வந்தவருக்கு விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கெடுப்பு ஒழுங்காக நடந்திருந்தால், 2020-இல் பரிந்துரைக் கடிதம் என்ற குறுக்கு வழியே தேவைப்பட்டிருக்காது. கடன் மட்டும் இல்லை, ரொக்க உதவியையும் நேரே கணக்கில் போட்டிருக்கலாம். ஸ்வநிதியை 2030 மார்ச் 31 வரை நீட்டித்து, முதல் கடனை 15,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். கடன் எப்படியும் வரும். உங்கள் தெருவில் காய் விற்பவரிடமோ பூக்காரம்மாவிடமோ அடுத்த முறை பேசும்போது, சான்றிதழ் வாங்கியாகிவிட்டதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வாங்கவில்லை என்றால் மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் மனு கொடுக்கக் கூடப் போங்கள், கணக்கெடுப்பு எப்போது என்று உங்கள் வார்டு கவுன்சிலரையும் கேளுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் கேட்டால் நல்லது.